ஒரே சிகரெட், இரண்டு குடல்கள்

வில்கமுவ பக்கம் சிறுநீரக வருத்தம் பற்றிக் கதைத்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே வயல் வேலை. பிறகேன் இவருக்கு வந்தது, அவருக்கு வரல்ல? தண்ணியா, விவசாய மருந்தா, வெயிலா, பரம்பரையா என்று ஆய்வாளர்கள் இன்னும் தேடுறாங்க. இதே கேள்வியை இன்னொரு நோயிடம் கேட்ட வரலாறு ஒன்று இருக்கு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

அது குடல் அழற்சி நோய். மாதக்கணக்கில் வயிற்றோட்டம், வலி, மலத்தில் ரத்தம். வெட்கத்தில் பலர் வெளியே சொல்வதில்லை. இதில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உட்பக்கத்தைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் மலவாசல் வரை எங்கேயும் வரக்கூடியது குரோன்ஸ். 1932இல் நியூயோர்க் வைத்தியர் பெரில் குரோனும் இரண்டு சகாக்களும் அதை விவரித்தார்கள்; பெயர் அப்படித்தான் வந்தது.

1982இல் வேல்ஸின் கார்டிஃப் வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கொலைட்டிஸ் நோயாளிகளில் 100க்கு 8 பேர்தான் புகைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களில் 44 பேர். 1984இல் வந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வில் குரோன்ஸ் நேர் எதிராக இருந்தது: புகைப்பவர்களுக்குத்தான் அது கூடுதலாக வந்தது. ஒரே சிகரெட், இரண்டு விளைவு!

2001இல் மரபணுவின் முறை. குடல் பக்டீரியாவை அடையாளம் காண உதவும் நொட்2 என்ற மரபணுவின் சில மாற்றங்கள் குரோன்ஸ் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்று பிரான்ஸ், அமெரிக்கக் குழுக்கள் காட்டின. அந்த மாற்றம் இருக்கிற எல்லாருக்கும் நோய் வரவில்லை. 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 64 மரபணு வேறுபாடுகளின் பாதிப்பு ஒருவர் புகைக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுவதாகச் சொன்னது. பரம்பரையும் பழக்கமும் தனித்தனியாக வேலை செய்வதில்லை என்பதுதான் இதன் பொருள்.

எங்கட கதை? 2010இல் வெளியான கொழும்பு, கம்பஹா கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு கொலைட்டிஸ் 5.3, குரோன்ஸ் 1.2. ஐரோப்பாவில் பிரபலமான அந்த நொட்2 மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. அங்கே எழுதின மரபணுப் பட்டியலை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. நம்ம ஆட்களை வைத்தே ஆய்வு நடக்கணும்.

இந்த வரலாறு இரண்டு சாட்டுகளை உடைக்குது. ஒன்று, "அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரும், பிறகேன் விடணும்?" குரோன்ஸ் இருக்கிறவர் புகைப்பதை விட்டால் நோய் திரும்பத் திரும்பக் கிளம்புவது குறையும். பரம்பரையை மாற்ற முடியாது, சிகரெட்டை விடலாம். மற்றது, "குடலுக்கு நல்லதாமே!" கொலைட்டிஸுக்கு மருந்து என்று எந்த வைத்தியரும் சிகரெட் எழுதித் தரமாட்டார், நுரையீரலும் இதயமும் அதற்குக் கொடுக்கிற விலை மிகப் பெரிது.

வில்கமுவயின் கேள்விக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. பரம்பரையா, சூழலா என்று ஒன்றை மட்டும் தெரிவு செய்யத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கணும்.