சேவையகம் எட்டாதபோது: கோடாவின் உரிமைகோரலும் 1975ஆம் ஆண்டுக் குறிப்பும்

தரவுத்தளச் சேவையகம் எட்டாத நேரத்தில் செயலி தன் பொருள்களை உள்ளூரிலேயே சேமித்துக்கொண்டு, இணைப்பு திரும்பியதும் ஒப்படைக்கும் முறைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கோடா கோப்பு முறைமையிலிருந்து தொடங்குகிறார்கள். ஜேம்ஸ் கிஸ்ட்லரும் மகாதேவ் சத்யநாராயணனும் 1992இல் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு அடிப்படை. வேகத்துக்காகப் பயனரின் கணினியில் வைத்திருக்கும் கேஷையே, சேவையகம் விழுந்தாலும் வேலை தொடரப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் மையக் கருத்து. கோப்புகளைப் பொறுத்தவரை இதில் எனக்கு மறுப்பில்லை. தரவுத்தளப் பொருள்களுக்கும் இதையே மூலமாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

கோடாவின் கட்டுமானம் மதிப்புக்குரியது. வீனஸ் என்ற நிரல் இணைப்பு இருக்கும்போது வேண்டிய கோப்புகளைப் பதுக்கிவைக்கும். இணைப்பு அறுந்ததும் சேவையகத்தின் வேடம் பூண்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேட்டில் எழுதும். மீண்டும் இணைந்ததும் அந்தப் பதிவேட்டைச் சேவையகம் முதலிலிருந்து நிகழ்த்திப் பார்க்கும். வழியில் முரண் தென்பட்டால் பதிவேடு நிராகரிக்கப்பட்டு, உள்ளூர்க் கோப்பாகப் பயனரிடமே தங்கிவிடும்.

முரண் இவ்வளவு கடுமையாகக் கையாளப்பட்டும் அமைப்பு நடைமுறையில் ஓடியதற்குக் காரணம், முரண் அரிதாக இருந்ததுதான். தங்கள் துறையின் 400க்கும் மேற்பட்ட பயனர்களின் கோப்புச் சேவையகங்களை ஆசிரியர்கள் ஓராண்டு அளந்தார்கள். மாற்றங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல், அதே கோப்பைக் கடைசியாக மாற்றியவரே செய்தவை. இருவேறு பயனர்கள் ஒரே பொருளை ஒரு நாளுக்குள் மாற்றும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 விழுக்காடு. இந்த எண்ணைத்தான் பின்வந்தவர்கள் பொதுவிதி போலக் கையாளுகிறார்கள். ஆனால் அது ஆய்வாளர்களும் மாணவர்களும் தங்கள் சொந்தக் கோப்புகளைத் திருத்தும் சூழலின் எண். கிடங்கின் இருப்புக் கணக்கைப் பாருங்கள். இருப்பு 40. இணைப்பில்லாத இரு கணினிகளில் ஒருவர் 5 கழிக்கிறார், மற்றவர் 3 கழிக்கிறார். ஒன்று 35 என்றும் மற்றது 37 என்றும் சேமிக்கும். சரியான விடை 32. இங்கே ஒரே பதிவைப் பலர் தொடுவதே அன்றாட வழக்கம். கோடா கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆகவே இந்த 32ஐ அதனால் கண்டடைய முடியாது.

பொருள்களுக்கான மூலத்தை வேறோர் இடத்தில் தேட வேண்டும். ஆர்ப்பாநெட் காலத்து ஆர்எஃப்சி வரிசையில் 677ஆம் எண்ணுள்ள குறிப்பு, 1975 ஜனவரியில் பால் ஜான்சனும் ராபர்ட் தாமஸும் எழுதியது. ஒரே தரவுத்தளத்தின் பல படிகளைப் பல கணினிகளில் பேணுவது எப்படி என்பதே அதன் பொருள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து உறுப்புகள்: அடையாளம், மதிப்பு, நீக்கப்பட்டதா என்ற குறி, உருவான நேரம், கடைசியாக மாற்றிய நேரம். நேரமுத்திரையில் மாற்றம் நடந்த இடத்தின் அடையாளமும் சேர்ந்திருப்பதால் இரண்டு மாற்றங்கள் ஒருபோதும் சமனாவதில்லை. மாற்றம் முதலில் உள்ளூர்ப் படியில் பதிவாகும். எட்டாத இடங்களுக்குரியது, அவை எட்டும்வரை வரிசையில் காத்திருக்கும்.

நீக்கக் குறியையும் உருவான நேரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பதிவை ஓரிடத்தில் நீக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே வேறிடத்தில் நடந்த மாற்றம் தாமதமாக வந்து சேர்கிறது. பதிவை அடியோடு அழித்திருந்தால், வந்ததைப் புதிய பதிவு என்று எண்ணி மீண்டும் உருவாக்கிவிடுவார்கள். அதே பெயரில் புதிய பதிவு பிறந்திருந்தாலோ, பழையதற்கு உரிய மாற்றம் புதியதன் தலையில் விழும். முதல் ஆபத்தைக் குறி தடுக்கிறது, இரண்டாவதை உருவான நேரம் தடுக்கிறது. நீக்கம் எல்லா இடங்களுக்கும் தெரிந்துவிட்டது என்று உறுதியான பிறகே பதிவைக் களையலாம்.

இது சேவையகங்களுக்கு இடையிலான படியெடுப்புதானே, செயலியின் உள்ளூர்ச் சேமிப்பு ஆகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கேஷ் பற்றி அந்தக் குறிப்பு பேசவில்லை. அதைக் கோடாவின் ஆசிரியர்கள் எடுத்தாண்டார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளூரில் எழுதுவது, வெளியே போக வேண்டியதை வரிசையில் வைப்பது, நீக்கத்துக்குத் தடம் வைப்பது ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தச் செயலியும் பொருள்களை இணைப்பின்றிச் சேமிக்க முடியாது. மூன்றும் இந்தக் குறிப்பில் ஒருங்கே இருக்கின்றன. கேஷ் பெரிதா சிறிதா என்பது இதற்குப் பிந்திய கேள்வி.

தொடர்ச்சிக்கும் ஓரளவு சான்று உண்டு. லெஸ்லி லாம்போர்ட் தம் 1978ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இந்தக் குறிப்பே தூண்டுகோல் என்று சொல்லியிருக்கிறார். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1987இல் வெளியான தொற்றுமுறைப் பரவல் கட்டுரை, நீக்கத் தடத்துக்கு இறப்புச் சான்றிதழ் என்று பெயரிட்டது. அதன் ஆசிரியர்களில் டெமர்ஸ், ஹவுசர், டெரி மூவரும் 1995இல் பயூ அமைப்பைப் பற்றிய கட்டுரையை எழுதியவர்களிலும் இருக்கிறார்கள். பயூவில் ஒவ்வொரு மாற்றமும் தன்னோடு ஒரு சோதனையையும், சோதனை தோற்றால் இயக்க வேண்டிய ஒன்றிணைப்பு நிரலையும் சுமந்து செல்லும். எடுத்துக்காட்டாக, அறை முன்பதிவில் கேட்ட நேரம் வேறொருவருக்குப் போயிருந்தால் அடுத்த நேரத்தைப் பதிவு செய்யலாம். மேலே சொன்ன இருப்புக் கணக்குக்கும் வழி இதுவே. இடையிலுள்ள ஒவ்வொரு கண்ணியையும் ஆவணத்தால் நிறுவ முடியாது. ஒரே சிக்கல் ஒரே விடையைத் தனித்தனியே பிறப்பித்திருக்கவும் கூடும்.

ஆண்டைச் சுட்டுவதில் ஒரு சிக்கல் நிற்கிறது. பிந்திய நேரமுத்திரையே வெல்லும் என்ற விதி பாடநூல்களில் தாமஸ் பெயரில் வழங்குகிறது; ஆதாரமாக அவரது 1979ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டுவதே வழக்கம். அந்தக் கட்டுரையிலோ, பெரும்பான்மை இடங்கள் ஒப்பாமல் மாற்றம் ஏற்கப்படாது. அதன்படி துண்டிக்கப்பட்ட கணினி தனியே எதையும் முடிவு செய்ய இயலாது. அதே விதியைக் கொண்ட 1975ஆம் ஆண்டுக் குறிப்பு அதை அனுமதிக்கிறது. விதியை 1979இல் வைத்தால், இணைப்பற்ற சேமிப்போடு அதற்குள்ள உறவே மறைந்துபோகிறது. இனி எழுதுபவர்கள் இந்த விதியை 1975 என்ற ஆண்டோடும், ஜான்சனின் பெயரையும் சேர்த்தும் சுட்ட வேண்டும்.