கெல்லரும் ஏரிப் பரண்களும்

சுவிட்சர்லாந்தின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தை ஒரு தனி ஆய்வுத்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவரான ஃபெர்டினாண்ட் கெல்லர் (1800–1881), இறையியல் பயின்று, பின்னர் இயற்கை அறிவியலின் பக்கம் திரும்பி, 1832இல் ஜூரிக் நகரில் தொல்பொருள் கழகத்தை நிறுவியவர். அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம், 1853–54 குளிர்காலத்தில் ஜூரிக் ஏரியின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்ததேயாகும். ஓபர்மைலன் ஊரார் கரைநிலத்தை ஏரிக்குள் விரிவாக்குவதற்காகச் சேற்றை வெட்டியெடுத்தபோது, நெருக்கமாக ஊன்றப்பட்ட மரக்கால்களும் கற்கோடரிகளும் மான்கொம்புக் கருவிகளும் வெளிப்பட, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் யோஹன்னஸ் ஏப்லி அதனைக் கழகத்துக்குத் தெரிவித்தார்.

அம்மரக்கால்கள் நீரின் மேல் அமைந்த ஒரு பெரும் பரணைத் தாங்கியவை என்றும், குடிசைகள் யாவும் அப்பரணின் மீதே இருந்தன என்றும் கெல்லர் 1854ஆம் ஆண்டு அறிக்கையில் முடிவுகட்டினார். நியூகினித் தீவின் நீர்மேல் வீடுகளைக் காட்டும் பயணநூல் ஓவியங்கள் அவருக்கு முன்மாதிரியாயின. தொலைதூரத் தீவொன்றின் அன்றைய வாழ்க்கையைக் கொண்டு ஐரோப்பியக் கற்காலத்தை வரைந்த இத்துணிவு அக்காலத்துக்கு இயல்பானதே. ஆயினும் சான்றைவிட ஓவியமே மேலோங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. 1848இல் உருவான புதிய கூட்டாட்சியில், பல மொழி பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவான மூதாதையரை இந்த ஏரி ஊர்கள் அளித்ததனால், 1867 பாரிஸ் உலகக் கண்காட்சிவரை அந்தப் பரண் ஊர்க் காட்சி சென்றது.

கெல்லரின் மெய்யான பங்களிப்பு பரணில் இல்லை. காற்றுப் புகாத சேறு, பிற இடங்களில் மட்கிப்போகும் மரம், துணி, தானியம், கனி ஆகியவற்றைக் காத்துவைத்திருந்தது. விலங்கெலும்புகளை ருய்ட்டிமையரும், தாவர எச்சங்களை ஓஸ்வால்ட் ஹேரும் ஆராய்ந்து முறையே 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் நூல்கள் வெளியிட்டனர். அகழ்ந்தெடுத்த பொருளை அதற்குரிய துறையறிஞரிடம் ஒப்படைக்கும் இந்த வழக்கம் இன்றைய தொல்லியலுக்கு இயல்பாகிவிட்டது. அன்றோ அது புதுமை.

பரண் கோட்பாட்டை 1940களில் ஓஸ்கர் பாரெட்டும், 1955இல் எமில் ஃபோக்ட்டும் கடுமையாக மறுத்து, வீடுகள் கரையின் ஈரநிலத்திலேயே நின்றன என்றும், பின்னர் ஏரிமட்டம் உயர்ந்தபோது அவை மூழ்கின என்றும் வாதிட்டனர். எனினும் வட இத்தாலியின் ஃபியாவே முதலிய இடங்களில், நீருக்குள்ளேயே ஊன்றிய கால்களின்மேல் நின்ற வீடுகள் பின்னர் கண்டறியப்பட்டமையால், கெல்லரின் கருத்து முழுவதும் பிழையென்று தள்ளப்படவுமில்லை. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலங்கணிக்கும் முறையால், இத்தகைய மரக்கால்கள் பலவற்றுக்கு அவை வெட்டப்பட்ட ஆண்டே இப்போது தெரிகிறது. ஆல்ப்ஸைச் சூழ்ந்த ஆறு நாடுகளின் 111 ஊரிடங்கள் 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றுள் 56 சுவிட்சர்லாந்தில் உள்ளன.