பெயர் தின்ற கரையான்

பேரையூர் வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவானபோது பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியது. தாத்தா ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணமோ காதுகுத்தோ, குழாயைக் கட்டி ரெக்கார்டு போட அவர்தான் போவார். பெட்டியில் இருந்ததெல்லாம் அரக்குத் தட்டுகள், பாதிக்குமேல் உடைசல். முழுசாகக் கிடைத்த ஒன்றின் லேபிளைக் கரையான் தின்றிருந்தது. “எடைக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டாண்டா” என்றார் அப்பா.

மதுரையில் நண்பர் ஒருவரின் பிளேயரில் போட்டுக் கேட்டேன். தியாகராஜர் கீர்த்தனை ஒன்று, பெண் குரல். யார் என்று தெரியவில்லை.

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. லண்டனிலிருந்து வந்த ஃபிரெட் கைஸ்பெர்க் பதிவுசெய்தார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கிருந்தவர்கள் குழம்பக் கூடாதென்று, பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பாடியவரின் பெயர் லேபிளில் மட்டும் இல்லாமல் ஒலிக்குள்ளேயே இருந்தது. என் தட்டு அந்த வழக்கம் ஒழிந்த பிறகு வந்தது.

தெற்கிலும் ஆரம்ப காலத் தட்டுகளில் தேவதாசி மரபுப் பெண்களின் குரல்களே அதிகம். பெரிய வித்வான்கள் பலர் அந்தக் குழலுக்கு முன்னால் பாடத் தயங்கினார்கள். கோயம்புத்தூர் தாயி தயங்கவில்லை. அவர் பாடிய அருட்பாவின் தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழின் காதுக்குப் போய், ‘ராகமாலிகா’ என்ற அவருடைய படைப்பாக மாறியது. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926-ல், பத்து வயதில், தாயார் சண்முகவடிவின் வீணையோடு வந்தது.

இந்தக் குரல்களையெல்லாம் இன்று காசில்லாமல் கேட்க முடிகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது, பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் இருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கணக்கும் உண்டு. இந்தியாவில் ஓர் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது ஆண்டு. 1992 வரை ஐம்பதாக இருந்தது. தாத்தா 1963-ல் தொழிலை விட்டுவிட்டார். ஆகவே அந்தப் பெட்டியில் உள்ள எல்லாமே 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. ஆனால் அமெரிக்கக் கணக்கு வேறு. 1922 வரையிலான பதிவுகளுக்கே அங்கே 2022-ல்தான் விடுதலை கிடைத்தது. பழைய தட்டுகளை ஏற்றியதற்காக இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது பெரிய இசை நிறுவனங்கள் 2023-ல் வழக்குப் போட்டன.

நம்மூர்க் கணக்கிலும் ஒரு முடிச்சு உண்டு. கடிகாரம் ஓட வேண்டுமென்றால் பதிவு முதலில் வெளியாக வேண்டும். மதுரை மணி ஐயர் 1968-ல் மறைந்தார். அவருடைய இசை நமக்குப் பெரும்பாலும் ரசிகர்கள் டேப்பில் பிடித்த கச்சேரிகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. வெளியிடப்படாத டேப்புக்கு அறுபது ஆண்டுக் கணக்கு தொடங்குவதே இல்லை. மூன்றேகால் நிமிடத்துக்குள் நறுக்கிய கீர்த்தனை பொதுச்சொத்தாகிறது. ஆற அமரப் பாடிய ராகமும் ஸ்வரமும் சங்கீதப்ரியா மாதிரி தன்னார்வலர்களின் நல்ல மனசில் நிற்கின்றன.

ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் மென்பொருள்காரனான நானும் நினைத்தேன். 78 சுற்று என்பது பெயரளவில்தான். அக்காலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. நான்கைந்து சுற்று குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். ஐந்து கட்டைக்காரர் நாலரைக்கு வந்துவிடுவார், குரலும் கனத்துப்போகும். இணையத்தில் கேட்டு “என்ன கார்வை!” என்று நாம் உருகுவது சில சமயம் மோட்டாரின் கோளாறாக இருக்கலாம். அதனால் வேகத்தைத் திருத்திய கோப்பு ஒன்று, திருத்தாத கோப்பு ஒன்று என இரண்டையும் வைத்தேன்.

பெயருக்கு ஒரே துப்பு, பள்ளம் முடியும் இடத்தில் பொறித்திருந்த எண். அதை யாராலும் தின்ன முடியாது. கிடைத்த பட்டியல்களில் எல்லாம் தேடினேன், பொருந்தவில்லை. குரல் ஒரு பிரபலத்தைப் போல இருந்தது. அந்தப் பெயரைப் போட்டால் ஆயிரம் பேர் கேட்பார்கள். ஆனால் தப்பாகப் போட்டால் உண்மையில் பாடியவர் இரண்டாவது முறை காணாமல் போவார். கரையான் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். ‘பாடியவர்: தெரியவில்லை’ என்று எழுதி, எண்ணையும் சேர்த்தேன்.

ஏற்றுவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கும் பெயர் தெரியவில்லை. ஆனால் முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது கல்யாண வீட்டுல விடிகாலையில உங்க தாத்தா போடுற மொதப் பிளேட்டுடா. சினிமாப் பாட்டெல்லாம் அப்புறந்தான்.”

அதை எழுதுவதற்கென்று படிவத்தில் தனிக் கட்டம் எதுவும் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் எழுதி வைத்தேன்.