பதின்மூன்று கொடிகளும் ஒரு பெயரும்

கலப்பு என்றாலே நமக்குச் சந்தேகம்தான். பாலில் தண்ணீர், நெய்யில் டால்டா என்று பழகிப் போன மனசு. ஆனால் கலப்பதையே ஒரு கௌரவமாகக் கொண்ட ஊர் ஒன்று தென் பிரான்ஸில் இருக்கிறது.

1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டு, ரோன் நதிக்கரையில் உள்ள அவிஞோன் நகரத்தில் வாசம் செய்தார்கள். 1316ல் பட்டத்துக்கு வந்த இருபத்திரண்டாம் ஜான், பக்கத்துக் குன்றின்மேல் ஒரு கோட்டை கட்டினார். அதன் நிழலில் இருந்த சிற்றூருக்கு ஷாதோநெஃப்-து-பாப், அதாவது 'போப்பின் புதுக்கோட்டை' என்ற பெயர் முறைப்படி ஏற்பட்டது 1893ல்தான். போப்புகள் போய் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

இங்கே பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. எங்கும் உருண்டைக் கற்கள். பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும். வடக்கிலிருந்து மிஸ்திரால் என்ற பேய்க்காற்று வேறு. இந்தக் கஷ்டத்தில் விளையும் திராட்சையிலிருந்துதான் அந்தச் சிவப்பு ஒயின். க்ரெனாஷ் என்ற ரகம் இனிமையும் உஷ்ணமும் தரும். சிரா நிறம் தரும். மூர்வேத்ர் உறுதி தரும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

ஆனால் வெகு காலம் இந்த ஒயினுக்குச் சொந்தப் பெயரில் வாழ்வு இல்லை. வடக்கே பர்கண்டி வியாபாரிகள் பீப்பாய் பீப்பாயாக வாங்கிப்போய், தங்கள் சோனிச் சரக்குக்குத் தெம்பூட்டக் கலந்துகொண்டார்கள். பின்னர் பெயர் பரவியதும் நேர்மாறான மோசடி ஆரம்பித்தது. எங்கோ விளைந்த ஒயினெல்லாம் இந்த ஊர்ப் பெயரில் விலை போயிற்று.

1923ல் ஊர்க்காரர்கள் பரோன் ல ருவா என்பவரிடம் முறையிட்டார்கள். சட்டம் படித்தவர், முதல் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவர், தாமும் ஒரு தோட்டக்காரர். அவர் வழிகாட்ட, அவர்கள் முதலில் விலங்கு பூட்டியது பிறருக்கல்ல, தங்களுக்கே. தைமும் லாவெண்டரும் வளரக்கூடிய வறண்ட நிலத்தில்தான் கொடி நடலாம். குறிப்பிட்ட ரகங்களைத்தான் சேர்க்கலாம். சொத்தைப் பழங்களைக் கழித்துவிட வேண்டும். பத்து வருஷ வழக்குக்குப் பின் 1933ல் நியாயம் கிடைத்தது. 1936ல் தேசச் சட்டமே பதின்மூன்று ரகங்களையும் வரையறுத்து அந்தப் பெயருக்குக் காவல் நின்றது. சட்டம் போடும் ருசி விடவில்லை போலும்: 1954ல் இந்த ஊர்த் தோட்டங்களில் பறக்கும் தட்டுகள் இறங்கக் கூடாதென்று மேயர் உத்தரவே போட்டார்!

இதற்கேற்ற உணவு எது? அந்த மண்ணே பதில் சொல்கிறது. தைமும் பூண்டும் சேர்த்து வாட்டிய ஆட்டுக்குட்டி இறைச்சி, ஒயினில் ஊறவைத்து மணிக்கணக்காகக் கொதித்த 'தோப்' என்னும் மாட்டிறைச்சிக் குழம்பு, காட்டுப் பன்றி. ஒயினின் துவர்ப்பைக் கொழுப்பு தணிக்கும். கொழுப்பின் திகட்டலைத் துவர்ப்பு துடைக்கும். மென்மையான மீன் பாவம், இதன் முன்னால் வாய் திறக்காது. மிளகாய்க் காரமோ ஒயினின் உஷ்ணத்தை இன்னும் ஏற்றிவிடும்.

1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் போப்பின் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கோபுரத்தில் ஒரு பாதிதான் மிஞ்சியது. குடியானவர்கள் கட்டிக் காத்த பெயரோ முழுசாக நிற்கிறது. கலப்பதில் குற்றமில்லை, எதை எதோடு கலந்தோம் என்று மறைப்பதில்தான் இருக்கிறது.