பத்தாம் வகுப்போடு நிற்கும் தட்டு

மதியம் பன்னிரண்டு தாண்டினால் அரசுப் பள்ளியில் கரும்பலகை மேல் யாருக்கும் கண் நிற்காது. சத்துணவுக் கூடத்தின் தாளிப்பு வாசனை வகுப்பறைக்கே வந்துவிடும். அங்கே ஓர் அம்மா கூடை நிறைய அவித்த முட்டைகளை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருப்பார். ஓட்டின் மேல் முத்திரை இருக்கும். பிள்ளைகளின் முட்டை கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் குத்தியது அது.

இந்த முட்டை தட்டுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தர முடிவெடுத்தது. பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவர். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது கணக்கு. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925-ல் அது நின்றுபோனது.

காமராஜர் 1956-ல் மதிய உணவை மாநிலத்துக்கே கொண்டுபோனார். ஊர்க்காரர்களிடம் அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கித்தான் தொடக்கம். அன்று பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அதற்காக ஊர் ஊராக அலைந்தார். பிறகு அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு தந்த பால்பவுடர் வந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

இதுவரை எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 1984 செப்டம்பரில் நடந்ததைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. அப்போதுதான் சத்துணவு ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை நீண்டது. பையன் ஒரே கோடையில் ஒரு சாண் உயர்ந்துவிடும் வயது அது. பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு தொடங்கி இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படும் வயதும் அதுவே. அந்த வயதுப் பிள்ளையிடம் 'நல்லதைச் சாப்பிடு' என்று சொன்னால் காதில் ஏறாது. தட்டில் வைத்துவிட்டால் பசி மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்த மாநிலம் செய்தவற்றில் இது பெரிய காரியம்.

முட்டை 1989-ல் வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. பிறகு வாரம் ஒன்றாகி, 2010-ல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்தானது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம்.

ஆனாலும் பெரிய பிள்ளைகள் வரிசையிலிருந்து நழுவினார்கள். தினமும் அதே சோறு, அதே சாம்பார். அதைவிட, தட்டேந்தி நிற்பதில் ஒரு கூச்சம். பதினான்கு வயதில் பசியைப் பொறுத்துக்கொள்ளலாம், கூட்டாளியின் பார்வையைப் பொறுக்க முடியாது. 2013-ல் பலவகைச் சாதங்களும் மசாலா முட்டைகளும் சோதனையாகத் தொடங்கியபோது இந்தச் சிக்கலில் பாதி அவிழ்ந்தது. வெஜிடபிள் பிரியாணியும் மிளகு முட்டையும், கொண்டைக்கடலை புலாவும் தக்காளி மசாலா முட்டையும், கறிவேப்பிலை சாதமும் வந்தன. சத்தை ருசியோடு சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அந்த வயதின் நாக்கு தெரிந்திருந்தது.

வாசலுக்கு வெளியே நடப்பது வேறு கதை. பாக்கெட் சிப்ஸும் கலர் பானமும் கம்பிக்கு அந்தப்பக்கம் தொங்குகின்றன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்தது. விதி எழுத்தில் இருக்கிறது; அந்த 50 மீட்டரை அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மதிய உணவோ பத்தாம் வகுப்போடு. பதினொன்றாம் வகுப்புக்குப் போன பெண் அதே பள்ளியில், அதே வேம்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தம்பி முட்டையை உப்பில் தொட்டுத் தின்கிறான். அவள் கையில் பத்து ரூபாய் இருக்கிறது. மதிய இடைவேளையில் வாசல் திறந்திருக்கிறது.