வீடியோ திக்கித் திக்கி ஓடுதா? டவரைத் திட்டும் முன் இதைப் பாருங்க!

ஏற்காடு மலையில் வீடியோ திக்கினால் முதல் பழி டவருக்குத்தான். ஆனா, யூடியூபில் சாம்பல் நிறக் கோடு முன்னாடியே ஓடியிருந்தும் படம் திக்கினால், கோளாறு பெரும்பாலும் நெட்டில் இல்லை, கம்ப்யூட்டரில்!

காரணம் என்ன?

வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப் செய்வதுதான் 'ஹார்டுவேர் ஆக்சலரேஷன்'. 2011-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிய காலத்துச் சிப்களில், யூடியூபின் விபி9, ஏவி1 வடிவங்களுக்கு அந்த வசதி இல்லை. மொத்தச் சுமையும் பிராசஸர் மேல் விழும், திணறும்.

என்ன செய்யலாம்?

• வீடியோ தரத்தை 480பி-க்குக் குறைங்க.

• குரோம் செட்டிங்ஸ், 'சிஸ்டம்' பகுதியில் ஆக்சலரேஷன் ஆன்-ல் இருக்கா பாருங்க. ஆன்-ல் இருந்தும் திணறினால் ஆஃப் செய்து, குரோமை மூடித் திறங்க.

• கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்க.

பிள்ளைங்க படிப்புக்குன்னு புது லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி, செலவில்லாத இந்த மூன்றையும் செய்து பாருங்க.