வன்னியின் எழுச்சியும் வல்லரசுகளின் கணிப்பும்

இரணைமடு நீர் பாயும் வட்டக்கச்சி, 20ஆம் நூற்றாண்டின் குடியேற்றத்தால் வளர்ந்த ஊர். அதற்குத் தென்கிழக்கே, ஒட்டுசுட்டானை அடுத்துள்ள கற்சிலைமடுவோ பண்டாரவன்னியன் தோல்வியுற்ற களமெனப் பெயர்பெற்றது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் ஆங்கு நிகழ்ந்ததைத் தனியொரு வீரனின் வீழ்ச்சியாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஆள்வோரை எதிர்த்தெழுவோரைப் பிற அரசுகள் எவ்வாறு கணிக்கின்றன என்பதற்கும் அது சான்றாகும்.

ஆறாண்டு முற்பட்ட கிளர்ச்சியொன்றோடு ஒப்பிடின் இது விளங்கும். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, சென்னையிலிருந்தே அவற்றை ஆண்டது. பரம்பரைத் தலைமைக்காரரை விலக்கித் தென்னிந்திய அமில்தார்களை இறை தண்ட அமர்த்தியது. தென்னைமரத்துக்கும் வரி விதித்தது. 1797இல் குடிகள் கிளர்ந்தனர். கம்பனி படையை ஏவியதாயினும் படையொன்றையே நம்பியிருந்திலது. டி மியூரோன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அமில்தார் முறை கைவிடப்பட்டது. தென்னை வரியும் நீங்கிற்று.

இவ்விணக்கத்தின் காரணம் யாது? ஐரோப்பாவிலே பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கை ஆங்கிலருக்கே நிலைக்குமா, சமாதானத்தின்போது ஒல்லாந்தருக்கு மீளுமா என்பது முடிவாகவில்லை. எஞ்சியிருந்த ஒல்லாந்தர் குடிகளைத் தூண்டுகின்றனர் என்ற ஐயமும், பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்ற அச்சமும் ஆங்கிலரிடம் இருந்தன. அதே சென்னை அரசு பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்டதை நினைக்குமிடத்து, ஈழத்துக் குடிகளுக்குக் காட்டியது அருளன்று என்பது பெறப்படும்.

1802இல் ஏமியன் உடன்படிக்கை அவ்வையத்தைத் தீர்த்தது. கரையோர இலங்கை பிரித்தானியருக்கே உரியதாயிற்று. வன்னியாரை எவரும் கேட்டிலர். அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டதாயினும், வன்னிக்கு உதவக் கப்பல் ஒன்றேனும் வந்திலது. எஞ்சிய துணை கண்டியரசு மட்டுமே.

1803 யூனில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டது. ஆகத்தில் கண்டிப் படைகள் கரைநாடுகள்மேற் பாய்ந்தன. அவ்வேளை நோக்கிப் பண்டாரவன்னியன் கண்டியார் துணையுடன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்கு ஒதுங்கியது. இஃது இழந்த பற்றை மீட்கத் தலைவனொருவன் செய்த முயற்சியே, குடிகளின் எழுச்சியன்று என்பாரும் உளர். வன்னிக் கைந்நூலை 1895இல் வெளியிட்ட லூயிஸ் என்பாரின் நோக்கும் அத்தகையதே. ஆயினும் குடிகள் வழியும் உணவும் தாராவிடின், அக்காட்டில் படை நடத்தல் எங்ஙனம் கூடும்?

கண்டியரசன் சிறீ விக்கிரமராசசிங்கனின் நோக்கம் கொழும்பைச் சார்ந்திருந்தது. வன்னி அவனுக்கு ஒரு பக்கக் களமே. செப்டெம்பரில் ஹங்வெல்லவில் அவன் படை முறியவே, மலைநாட்டுக்குப் பின்வாங்கினான். வன்னி தனித்து நின்றது. யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை ஆகிய மூவிடத்திலிருந்தும் ஆங்கிலப் படைகள் புறப்பட்டன. மன்னாரிலிருந்து வந்த கப்டன் வொன் டிறிபேர்க், கற்சிலைமடுவில் வன்னியனை எதிர்பாராவகையில் தாக்கி வென்றான்.

ஆங்கிலராட்சிக் காலத்தில் அவ்விடத்தே நாட்டிய கல்லில் வென்றோன் பெயரும் தோற்றோன் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டன. கண்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வரசும் 1815இல் ஆங்கிலர் வசமாயிற்று.